பிடி உப்பு

தணிகைவேலின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சாலவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் பதினோரு பேனர். ஒவ்வொன்றிலும் 'குடவோலை கண்ட மண்ணின் கொள்கை வேந்தே' என்று எழுதியிருந்தது. வேந்தர் ஊராட்சித் தேர்தலில் இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றவர் என்பதை எழுத மட்டும் இடம் போதவில்லை.

மண்டபத்துக் கொல்லையில், நானூறு பேருக்கான சமையலில் முதல் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாகக் கல்யாணச் சமையல் செய்கிறவர். அவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியவில்லை. உப்பு போதுமா, போதாதா?

இரண்டு வருஷத்துக்கு முன், கிட்னி பாதி போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னார். தீருகிற நோயில்லை, மோசமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, சாப்பாட்டில் பாதி உப்பு. எல்லாம் பழகிவிட்டது. நாக்கும் பழகிவிட்டதுதான் வினை. போன தை மாதம் ஐயங்கார்குளத்தில் ஒரு வளைகாப்புக்குப் புளிசாதம் கிளறினார். அவர் நாக்குக்குக் கச்சிதமாக இருந்தது. பந்தியில் ஆளாளுக்கு உப்புக் கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் கரண்டிகளைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

தணிகைவேல் வீடு தேடி வந்தார். "உன் கைய நம்பித்தாம்பா வந்துகீறேன். வேற ஒருத்தன மனசாலகூட நெனைக்கல." அவர் மனசால் நினைக்காத மூன்று சமையல்காரர்களும் அந்த முகூர்த்தத்துக்கு வேறு இடம் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பது முனிரத்தினத்துக்குத் தெரியும். தெரிந்தும் சாக்கை இறக்கினார். இங்கேயும் பந்தியில் உப்புக் கேட்டால் அதை மறுபடி அவிழ்ப்பதில்லை என்று முடிவும் செய்திருந்தார்.

பாதி உப்பைப் போட்டு, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு நக்கினார். கடல்தண்ணீர். பத்து வருஷமாகக் காய் நறுக்கித் தரும் கோவிந்தம்மாளிடம் கரண்டியை நீட்டினார்.

"சப்புனு கீது அண்ணாத்தே."

"வெத்தலய மென்னுக்கினு சொன்னா?"

"இன்னிக்கா மெல்றேன்? பத்து வருசமா மென்னுக்கினுதான கீறேன்."

அந்த நேரம் பார்த்துத் தணிகைவேல் பட்டு வேட்டி சரசரக்க மச்சான் சிவக்குமாரோடு வந்தார். ஒரு டம்ளர் சாம்பாரை வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தார். வழக்கை ஒத்திவைக்கும் நீதிபதி போல டம்ளரைக் கீழே வைத்தார்.

"உப்பு தூக்கல். நான் உப்ப உட்டு மூணு வருசம் ஆவுது. எனக்கு டக்குனு தெரிஞ்சிடும்."

தன் நாக்குக்கு ஒரு துணை கிடைத்தது என்று முனிரத்தினம் சந்தோஷப்பட்டார். உடனே சந்தேகம் வந்தது. உப்பை விட்டவர் நாக்கென்றால் அதுவும் கெட்டுப்போன நாக்குதானே?

"கம்மியா கீது மாமா," என்றான் சிவக்குமார்.

"அதான் நானும் சொல்றேன். கொஞ்சம் கம்மி."

வேந்தர் போய்விட்டார். முனிரத்தினம் அண்டாவையே பார்த்தார். முன்பெல்லாம் அவர் ருசி பார்த்து உப்புப் போட்டதே இல்லை. சாமிக்குப் படைக்குமுன் வாயில் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட தொழில். கை உப்பு மூட்டைக்குள் போகும். இத்தனை பிடி என்று அதுவே நிற்கும். நக்கிப் பார்க்கும் பழக்கம் நோயோடு வந்தது. சரி, கையை நம்பலாம் என்றால் அது மட்டும் பழைய கையா? காலையில் எழுந்தால் விரலெல்லாம் வீங்கியிருக்கிறது. மோதிரத்தைக் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது. வீங்கிய கை கூட அள்ளுமா, குறைய அள்ளுமா? இதை டாக்டரம்மாவிடம் எப்படிக் கேட்பது?

"நின்னுக்கினே இருந்தா வத்திப்பூடும் அண்ணாத்தே. அப்பறம் பேஜாரு."

தலையைத் திருப்பி, சுவரோரம் சாய்த்திருந்த பேனரில் சிரித்த வேந்தரைப் பார்த்துக்கொண்டே கையை மூட்டைக்குள் விட்டார். கை ஆறு முறை போய் வந்தது. ஏழாவதற்குப் போனது, பாதியைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டியது. அதற்கப்புறம் அவர் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

முதல் பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் போகிற நேரம். சமையல் மாஸ்டர் பரிமாற வருவதில்லை. ஆனால் முனிரத்தினம் ரச வாளியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையில் குனிந்து குனிந்து போனார். ரசம் ஒரு சாக்குதான். இலை ஓரத்தில் வைத்த உப்பை யாராவது எடுத்துப் பிசைந்திருக்கிறார்களா என்றுதான் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்த இலையிலும் அப்படியே. ஒரு சின்னப் பெண் மட்டும் மாங்காய்த் துண்டை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அதைச் சேர்க்க முடியாது.

வரிசைக் கடைசியில் மாலையும் கழுத்துமாகத் தணிகைவேல், பக்கத்து இலைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "உப்ப உட்டதாலதான் இந்த ஒடம்பு நிக்குது." அவர் இலையில் உப்பு வைத்த இடம் துடைத்துவிட்டது போல இருந்தது.

"இன்னா முனிரத்தினம், பாத்துக்கினே நிக்கிற? ஊத்து. அப்டியே இந்தப் பக்கம் கொஞ்சம் உப்பு வெக்கச் சொல்லு."

முனிரத்தினம் வாளியோடு திரும்பி வந்தார்.

"யாரும் உப்புக் கேக்கலியே?" என்றாள் கோவிந்தம்மாள்.

"ஒருத்தரு கேட்டாரு."

"யாரு?"

"உப்ப உட்டவரு."

அவள் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது அறுபது இலை ஒன்று சொல்கிறது, அந்த ஓர் இலை வேறு சொல்கிறது. அந்த இலை சொல்வதும் சரியாக இருந்துவிட்டால்?

மூன்றாம் பந்திக்கான அண்டா, முதல் அண்டாவின் அளவுதான், இன்னும் உப்பு விழாமல் கொதித்துக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாள் ருசி பார்க்க உள்ளங்கையை நீட்டினாள்.

"வேணாம், போ," என்று தலையைத் திருப்பிக்கொண்டு கையை மூட்டைக்குள் விட்டார். இந்த முறை அது பதிமூன்றில் நின்றது. ஏன் பதிமூன்று என்று அவருக்குத் தெரியவில்லை. மூடியைப் போடச் சொன்னார்.