கோடிச் சேலை வந்த வண்டி

பெண்கள் பூரணியின் ஈரத் தலையைத் துவட்டி, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது கீழே ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. தையல் மெஷின் ஓடுவதுபோல் ஒரே சீராக வந்தது. ஜப்பான் மோட்டார் சைக்கிள். வாசலில் நின்ற அழகுமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான் சின்னராசா வந்துவிட்டான்.

நேற்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் காய்ச்சல் முற்றிப் பூரணி இறந்தாள். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான அவள் புருசன் அழகுமுத்து அதன்பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

மண் சரிந்து பஸ் ஓடவில்லை. கந்தப்பளையிலிருந்து மழையிலேயே ஓட்டி வந்த சின்னராசா தங்கையின் காலடியில் விழுந்து அழுதான். அழகுமுத்துவின் அத்தை காளியாயி அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"கோடி எங்க தம்பி?"

சின்னராசா நிமிர்ந்தான். வெளியே போய் வண்டியின் கேரியரைப் பார்த்தான். குனிந்து அடியிலும் பார்த்தான்.

"அம்மா குடுத்துச்சு. லயத்து வீட்டு வாசல்ல வச்சிட்டு வண்டிய ஒதைச்சேன். ஒரே ஒதை, கௌம்பிருச்சு. நானும் கௌம்பிட்டேன்."

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் பெண்ணைத் தூக்குவதில்லை. வேறு யார் வாங்கினாலும் அது கோடி ஆகாது. தோட்டத் தலைவர் மாயாண்டி இடுகாட்டுப் பக்கம் பார்த்தார்.

"குழியில தண்ணி ஊறுது. இருட்டுறதுக்குள்ள எடுக்கணும். இல்லாட்டி சரிஞ்சிரும்."

"அட்டன் வழியாத்தானே வந்தேன்," என்றான் சின்னராசா. "கடை தொறந்துதானே இருந்துச்சு." திரும்பிப் போய் வாங்கி வரச் சாவியை எடுத்தான். குளிரில் விரல்கள் மடங்கவில்லை. சாவி சேற்றில் விழுந்தது.

அழகுமுத்து போய்த் தன் வண்டியின் மேலிருந்த தார்ப்பாய்ப் படங்கை இழுத்தான்.

சிவப்பு இத்தாலி வண்டி. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்துரையிடம் வாங்கியது. சின்னராசா அதைப் பார்க்கும்போதெல்லாம் தங்கையைச் சீண்டுவான். "ஒன் புருசனோட மூத்த தாரம் எப்புடி இருக்கா? இன்னைக்காச்சும் எந்திரிச்சாளா?" பூரணி விடமாட்டாள். "ஒங்க வண்டி நல்ல வேலைக்காரண்ணே, கூப்பிட்ட நேரம் வரும். இது மனசு வச்சாத்தான் வரும். ஆனா வந்துட்டா, ஒருநாள் பின்னால ஏறிப் பாருங்க, அப்புறம் பேசுங்க." அவன் ஏறியதில்லை.

"மாப்புள, இந்த மழையில இது வேணாம். என்னுத எடுங்க."

"ஒங்களுது ரெண்டு பேர வச்சு அந்த மேடு ஏறாது மச்சான்."

"கட்டுனவன் இப்ப வெளிய போகக்கூடாதுப்பா," என்றாள் அத்தை.

"இதக் கௌப்ப வேற ஆளு இல்லத்தை."

பிளக்கைக் கழற்றினான். பூரணி முந்தானையில் துடைத்துத் தருவாள். சட்டைக்குள் விட்டுத் துடைத்தான். கார்புரேட்டரின் பொத்தானை விரலில் பெட்ரோல் கசியும்வரை அழுத்தினான். உதைத்தான். இல்லை. மறுபடி உதைத்தான். தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் அவசரப்படவில்லை. கிக்கரை மெதுவாக மிதித்து, அது எதிர்த்து நின்ற இடத்தில் நிறுத்தி, உதைத்தான்.

வண்டி இருமியது. பிறகு முழங்கியது.

"ஏறுங்க."

மேட்டில் அது திணறவில்லை. வளைவுகளில் அழகுமுத்து எதையும் திருப்பவில்லை. போகவேண்டிய இடத்தைப் பார்த்தான், வண்டி சாய்ந்தது, நிமிர்ந்தது. சத்தம் எதிர்மலையில் பட்டு வந்தது. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்தார்கள். முதலில் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்த சின்னராசா, சில வளைவுகளுக்குப் பிறகு பிடியைத் தளர்த்தினான்.

"இதத்தான் சொன்னாளா மாப்புள?"

"ஆமா."

"நான் ஏறவே இல்லையே."

அழகுமுத்து கியரை மாற்றினான்.

அட்டனில் துணிக்கடை லாபிர் நானா சேலைகளை ஒவ்வொன்றாக விரித்தார். வாசலில் இருந்த ஈரச் சிவப்பு வண்டியைப் பார்த்து, "இந்த மழையிலயும் வந்துட்டதா வாத்தியார்?" என்றவர், சின்னராசாவின் முகத்தைக் கண்டதும் அடுத்த சேலையை அவன் பக்கம் நகர்த்தினார். சின்னராசா அரக்குச் சேலை ஒன்றை எடுத்தான். வைத்தான். மறுபடி அதையே எடுத்தான். பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தான்களைப் போட்டு, மேலே கையையும் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது மழை வலுத்தது. தோட்டம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி ரெண்டு தரம் விக்கி, நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சின்னராசா இறங்கினான். ஒரு வார்த்தை நக்கல் செய்யவில்லை.

"நான் குறுக்கால ஓடுறேன். நீங்க இதோட வாங்க. விட்டுட்டு வராதீங்க மாப்புள."

"ஒங்க வண்டின்னா இந்நேரம் போயிருக்கும்."

"போயிருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி ஓடினான்.

அழகுமுத்து பிளக்கைத் துடைத்தான். நேரம் எடுத்தது. கிளம்பியது.

அவன் வந்து சேர்ந்தபோது அரக்குச் சேலை அவள்மேல் கழுத்துவரை இருந்தது. சின்னராசா தலைமாட்டில் நின்று ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். தப்பு மேளம் மறுபடி தொடங்கியது. அழகுமுத்து வண்டியை நிறுத்தினான். மழைத்துளிகள் இஞ்சினில் விழுந்து சுர்ரென்று ஆவியாயின. அவன் வண்டியின் பக்கத்தில் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் இஞ்சின் சூட்டில் பிடித்தான்.

அத்தை வந்தாள்.

"வாப்பா. தூக்கப் போறாங்க."

"இஞ்சின் இன்னும் சூடா இருக்கு அத்தை."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். தன் கம்பளியின் பாதியை அவன் தலைமேல் இழுத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள்.