கண் திறக்காத ஜன்னல்

ஓணாம்பட்டியில் வீடு கட்டும்போது ஜன்னல் வைப்பதில்லை. குடிபோன பிறகு ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி, கூண்டுக்குள் பானை கட்டிக் குஞ்சு பொரிக்க வைத்தால் ஜன்னல் தானாக வந்துவிடும். ஒரு குஞ்சுக்கு ஒரு ஜன்னல். கொத்தனார்கள் நாலு சுவரை நேராக எழுப்பிக் கொடுத்துவிட்டு, "மத்தது உங்க பாடு, பறவை பாடு" என்று சொல்லிக் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பச்சைக் குஞ்சு பொரித்தால் தெருவைப் பார்த்த ஜன்னல் வரும். நீலக் குஞ்சின் ஜன்னலில் வானம் நிறையத் தெரியும், தெரு கொஞ்சந்தான் தெரியும். மஞ்சள் குஞ்சு என்றால் வெயில் தூக்கலாக விழும். வடகம் காயவைக்க அதை அடித்துக்கொள்ள வேறு ஜன்னல் கிடையாது. குஞ்சை யாருக்காவது கொடுத்தால் ஜன்னலும் அதன் கூடவே போய்விடும். கொடுப்பதற்கு முன்னால் திரைச்சீலையைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். மறந்துபோய்த் திரையோடு இழந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். சந்தையில் வாங்கிய பறவையோடும் முட்டையிட்டுவிட்ட பெட்டையோடும் மட்டும் ஜன்னல் வராது.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் தவசிக்குப் போன சித்திரையில்தான் வீடு முடிந்தது. ஒரு கூடம், ஓர் அடுப்படி, சுற்றிலும் சுவர். ஆனியில் அவன் மனைவி ரேணுகாவுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு அவள் கடமலையூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனாள். ஆவணிக் கடைசியில் பெண் பிறந்தது. ஐந்தாம் மாதம், தை ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, தாயும் பிள்ளையும் ஓணாம்பட்டிக்கு வருவதாக நாள் குறித்தார்கள்.

ஜன்னல் இல்லாத வீட்டுக்குக் கைக்குழந்தையைக் கொண்டுவருவதில்லை. உள்ளே வந்த பிள்ளைக்கு வெளியே எது என்று முதலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தான் எங்கே வந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாமல் போய்விடும். அதுவும் அந்த வீட்டிலேயே பொரித்த ஜன்னலாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு இரவல் ஜன்னல் ஆகாது. மேலத்தெரு குருவம்மாளுக்கு முட்டை தங்காமலே போய், அவள் மகன் அம்மாச்சி வீட்டிலேயே வளர்ந்து அங்கேயே ஒன்றாம் வகுப்பும் சேர்ந்துவிட்டான். அப்பாவைப் பார்த்தால் "வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறானாம். தவசிக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வளைகாப்பு முடிந்த மறுநாளே தவசி சந்தையில் ஒரு ஜோடி வாங்கிவிட்டான். ஒன்று பச்சை, ஒன்று நீலம். இரண்டும் அப்போது குஞ்சுப் பருவம் மாறாத வயசு. தினை வைத்தான், கொத்தமல்லித் தழை வைத்தான், கொறிக்கக் கடல் நுரை ஓடு ஒரு துண்டு கம்பியில் செருகினான், பானை கட்டினான். அந்த ஜோடியைப் போல ஒற்றுமையான ஜோடியை அவன் பார்த்ததே இல்லை. ஒன்றுக்கு ஒன்று தலை கோதிவிடும். ஒன்றுக்கு ஒன்று வாயில் ஊட்டிவிடும். சண்டை என்பதே கிடையாது. தினமும் சாயங்காலம் போனில் அதைத்தான் பெருமையாகச் சொல்வான்.

கார்த்திகை முதல் வாரத்தில் ரேணுகா கேட்டாள்.

"அஞ்சு மாசமாச்சு. இன்னும் பானைக்குள்ள போகலியா?"

"பானை மேல உக்காந்து பேசிக்கிட்டு இருக்காங்க."

"மூக்கு மேல தடிப்பா இருக்குமே, அது பச்சைக்கு என்ன கலரு?"

"நீலம்."

"நீலத்துக்கு?"

"அதுக்கும் நீலந்தான். நல்லா பளபளன்னு இருக்கு."

 போனில் பிள்ளை எதையோ சப்பும் சத்தம் கேட்டது.

"ஒத்துமையா இருக்கத்தான் செய்வாங்க," என்றாள் ரேணுகா. "ரெண்டு பேரும் ஆம்பளைங்க. முட்டை யாரு போடுறது, நீங்களா?"

"நான் ரெண்டு பேரும் ஒரே குணம்னு நினைச்சேன்."

"நினைப்பீங்க. போனை வச்சுட்டு எஸ்தர் அக்காகிட்டப் போங்க."

எஸ்தர் அக்கா எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அவரிடம் முப்பத்திரண்டு பானை ஓடுகிறது. அவர் வீட்டில் சுவரைவிட ஜன்னல் அதிகம். காலண்டர் மாட்ட இடமில்லாமல் கதவில் ஆணி அடித்திருக்கிறார். நீல ஜன்னல்கள் எல்லாம் ஒரே வரிசை, மஞ்சள் எல்லாம் அடுப்படியில். பானைகளில் சாக்பீஸால் தேதி எழுதியிருப்பார். ஆனால் அதை அவர் பார்த்து யாரும் பார்த்ததில்லை. நடந்துபோகிற போக்கில் பானையை ஒரு விரலால் தொட்டு, "இது நாளைக்கு" என்பார். நாளைக்கு அது பொரிக்கும். தவசிக்கு அந்த விரல் மேல் ஒரு பக்தியே உண்டு.

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. "இது எல்லாரும் பண்றதுதான் தம்பி. சின்னதுல சேவலு பெட்டை ரெண்டுக்கும் மூக்கு ஒரே மாதிரி ரோஸா இருக்கும், ஏமாத்திப்புடும்," என்றவர், ஒரு கூண்டுக்குள் கைவிட்டு ஒரு சாம்பல் நிறப் பெட்டையைப் பிடித்துக் கொடுத்தார். மூக்கில் நல்ல மரவண்ணத் தடிப்பு.

"மூணு தடவை பொரிச்சவ. கடிப்பா. ஆனா வேலைக்காரி. பதிலுக்கு ஒன் சேவல்ல ஒண்ணக் குடு."

தவசி நீலத்தைக் கொடுத்துவிட்டுப் பச்சையை வைத்துக்கொண்டான். நீலம் எதிர்வீட்டில் இருந்து ரெண்டு நாள் கத்தியது. இங்கிருந்து பச்சையும் பதில் கத்தியது. எஸ்தர் அக்கா நீலத்தின் கூண்டைத் தெரு ஜன்னலில் கொண்டுவந்து மாட்டினார். தவசி இந்தப் பக்கம் வாசல் கதவைத் திறந்து வைத்தான். அதன்பிறகு இரண்டும் தெருவைத் தாண்டி நிதானமாகப் பேசிக்கொண்டன.

சாம்பல்காரி வந்த அன்றைக்கே தவசியின் சுட்டுவிரலைப் பதம் பார்த்தாள். மறுநாள் பானைக்குள் அவன் ஆசையாகப் போட்டிருந்த மரத்தூளை எல்லாம் வாயால் அள்ளி அள்ளி வெளியே வீசினாள். கடைசியில் ஒரு பிடி தூளை மட்டும் விட்டுவைத்து, அதில் தன் உடம்பால் சுற்றிச் சுற்றி ஒரு குழி செய்தாள். கிண்ணம் மாதிரி இருந்தது. குயவர் வந்தாலும் அதில் குறை சொல்ல முடியாது. தவசி அதைப் பார்த்துவிட்டு ரேணுகாவிடம் சொன்னான்: "அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியுது புள்ள."

"எல்லாருக்கும் தெரியும். கேக்கத்தான் ஆளு இல்ல," என்றாள் ரேணுகா.

மார்கழி பதினேழில் முதல் முட்டை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக மொத்தம் ஐந்து. பதினெட்டு நாள் கணக்குப்படி முதல் குஞ்சு தை ஐந்தாம் தேதி வெளியே வர வேண்டும். அதே வெள்ளிக்கிழமை. ஒருநாள் தப்பினாலும் பிள்ளை திரும்பிப்போகும். மாமியார் மாரிக்கண்ணு போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பிள்ளையை ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைத்துவர வேண்டும், அந்த வெள்ளியை விட்டால் ஐந்தாம் மாதத்தில் வேறு நல்ல நாள் இல்லை, இனி ஏழாம் மாதம்தான்.

தவசி வேலைக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்தான். சாம்பல்காரி எச்சமிட மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு மூன்று தடவை வெளியே வருவாள். போன வேகத்தில் திரும்பிவிடுவாள். பச்சைச் சேவல் பானை வாயில் தொங்கி அவளுக்கு ஊட்டும். முட்டையை அவள் அலகால் உருட்டிச் சூடு மாற்றும் சத்தம் பானைக்குள் கூழாங்கல் உரசுகிற மாதிரி கேட்கும். அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருந்த ஒருநாள் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டான். தொட்டி நிரம்பித் தண்ணீர் தெரு முழுக்க ஓடியது. தெருப்பெண்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துவந்து ஆளுக்கு ஆள் வாசலைக் கழுவிக்கொண்டார்கள்.

கடைசி முட்டை இட்ட ஏழாம் நாள் எஸ்தர் அக்கா செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். நாலு முட்டையில் சிவப்பு நூல் ஓடியது. ஐந்தாவது வெறும் வெளிச்சமாக இருந்தது.

"இது கூமுட்டை. ஆனா எடுக்காத. குஞ்சுங்க சாஞ்சுக்க ஒரு துணையா கெடக்கட்டும்."

தை ஐந்து விடிந்தது. ஒன்பது மணிக்கு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. உள்ளே ரேணுகா, மடியில் பிள்ளை, பக்கத்தில் மாரிக்கண்ணு, காலடியில் தொட்டில் சேலையும் மூன்று பைகளும். சுவரில் இன்னும் எதுவும் இல்லை. யாரும் இறங்கவில்லை. ஆட்டோக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். ஓணாம்பட்டி சவாரிகளில் இது வழக்கம்.

"பத்தரைக்கு ராகு காலம் மாப்ள," என்றார் மாரிக்கண்ணு. "அதுக்குள்ள வந்தா எறங்குறோம். இல்லைன்னா வண்டி திரும்பட்டும்."

"வந்துரும் அத்தை."

"பறவைகிட்டச் சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்னத்துக்கு?"

எஸ்தர் அக்கா சாம்பார்க் கரண்டியோடு தெருவைக் கடந்து வந்தார். பானையை ஒரு விரலால் தொட்டார். இன்றைக்கு என்று சொல்லாமல் விரலை எடுத்துக்கொண்டார்.  தவசி ஆட்டோவுக்கும் கூண்டுக்கும் நடையாய் நடந்தான். ரேணுகா, "நீங்க நடந்தா அவ பயப்படுவா, ஒரு இடத்துல நில்லுங்க," என்றாள். அவன் கதவு நிலையில் நின்றுகொண்டான். அங்கிருந்து மகளின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. இதுவரை அவன் நாலு தடவைதான் பிள்ளையைப் பார்த்திருக்கிறான்.

பத்து இருபதுக்குப் பானைக்குள் நூல் இழுத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கூடத்தின் மேற்குச் சுவரில் பூச்சு கொஞ்சம் உப்பியது. அந்த இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜன்னல் இருந்தது. பெயிண்ட் இல்லை, கம்பி இல்லை, வெறும் ரோஸ் நிறத்தில் தோல் மாதிரி ஒரு கதவு, ஒட்டி மூடியிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

மாரிக்கண்ணு இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"இதுல எங்க தெரு தெரியுது? மூடியில்ல இருக்கு."

"பொறந்த குஞ்சுக்கு கண்ணு திறந்திருக்காதும்மா. பத்து நாளாகும்," என்றார் எஸ்தர் அக்கா. "ஜன்னலும் அப்பத்தான் திறக்கும்."

"கண்ணு திறக்காத ஜன்னலு ஜன்னல்ல சேத்தியா?"

 முப்பத்திரண்டு பானை வைத்திருந்தும் இப்படி ஒரு கேள்வி எஸ்தர் அக்காவுக்கு வந்ததில்லை. மணி பத்து இருபத்தாறு.

ஆட்டோவுக்குள் இருந்து ரேணுகா சொன்னாள்: "அம்மா, இவ பொறந்தப்ப கண்ணைத் திறந்தாளா? ஒரு நாள் முழுக்க மூடிக்கிட்டேதான் கெடந்தா. அதுக்காகப் புள்ள பொறக்கலைன்னா ஊருக்குச் சொன்னே? சக்கரை வாங்கிக் குடுத்தியே தெருவுக்கே."

மாரிக்கண்ணு ஜன்னலைப் பார்த்தார். விரலால் மெதுவாக அதைத் தடவினார். அது லேசாகத் துடித்தது.

"வலது காலை வச்சு வா," என்றார்.

பத்து இருபத்தெட்டுக்குப் பிள்ளை வீட்டுக்குள் வந்தது. தவசி அதை வாங்கிச் சுவருக்கு அருகே கொண்டுபோனான். ஒட்டிய ஜன்னலில் பிள்ளை தன் உள்ளங்கையை வைத்தது. "இதுக்கு அந்தப் பக்கம் தெரு இருக்கு," என்று அவன் சொன்னான். பிள்ளை அதை நம்பியது. பானைக்குள் சாம்பல்காரி ஒன்றைக் குடித்தனம் வைத்துவிட்டு அடுத்ததன் மேல் சரியாக உட்கார்ந்தாள். அவளைப் போல் ஒருத்தி இந்த ஊரிலேயே கிடையாது என்று தவசிக்குத் தோன்றியது. பிறகு ரேணுகாவைப் பார்த்தான். அவள் பைகளைப் பிரித்து, அவன் அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களை எல்லாம் கீழே இறக்கி, வேறு மாதிரி அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் மாரிக்கண்ணு ஊருக்குக் கிளம்பினார். ஆட்டோவில் ஏறியவர் இறங்கி வந்து பிள்ளையின் உச்சந்தலையை ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் போனார். பிறகு மறுபடியும் இறங்கி வந்தார். ஆட்டோக்காரர் இன்னொரு தடவை பேப்பரைப் பிரித்தார்.

பத்தாம் நாள் ஜன்னல் கீறலாகத் திறந்தது. முதலில் தெருவில் போன ஓர் ஆட்டின் முதுகு தெரிந்தது. குஞ்சுக்கு இறகு முளைக்க முளைக்க ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட் ஏறியது, கம்பி வந்தது, கொக்கி வந்தது. அடுத்தடுத்து மூன்று குஞ்சுகள், மூன்று ஜன்னல்கள். ஒன்று மஞ்சள். ரேணுகா அதன் கீழே வடகம் பிழிந்தாள். திரைச்சீலைகளுக்குப் பூப்போட்ட துணி எடுத்தார்கள்.

ஐந்தாவது முட்டையைச் சாம்பல்காரி விடவே இல்லை. குஞ்சுகள் வெளியே வந்து தினை கொறிக்கத் தொடங்கியும் அவள் அதன்மேலேயே இருந்தாள். எஸ்தர் அக்கா எடுத்துப் போடச் சொன்னார். தவசிக்கு மனம் வரவில்லை. "அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்குத் தெரியும் அக்கா," என்றான்.

மாசி பதினாலில் அது உடைந்தது. உள்ளே குஞ்சு இல்லை. அடுப்படிச் சுவரில் ஒரு ஜன்னல் வந்திருந்தது, முழு அளவில், கண் திறந்தே. அதன் அந்தப் பக்கம் கடமலையூர். மாரிக்கண்ணு முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலைநிமிர்ந்து பார்த்தார்.

"அடுப்பைக் குறைடி. குழம்பு பொங்குது."

ரேணுகா அடுப்பைக் குறைத்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையைத் தூக்கி ஜன்னல் வழியே அம்மாவிடம் கொடுத்தாள். "துணி துவைக்கணும். ரெண்டு மணிக்குத் திருப்பிக் குடுத்துரு. பசிச்சு அழுதா இப்படியே நீட்டு."

மாரிக்கண்ணு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

தவசி டேப்பை எடுத்து வந்து ஜன்னலை அளந்தான். மூன்றடிக்கு நாலடி. "ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ஒரே திரை போதுமா," என்று கேட்டான்.

"நம்ம பக்கம் மட்டும் எடுங்க," என்றாள் ரேணுகா. "அந்தப் பக்கம் அம்மா பாத்துக்குவாங்க."