மேல் வளைவில் கேட்ட மணி

சட்டையில் மூன்றாவது பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தாள் டெய்லரம்மா. கூடத்தில் ஆட்கள் வருவதும் உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தார்கள். அவள் உள்ளறையில் தையல் மெஷின் முன்னால் போட்ட ஸ்டூலை விட்டு எழவில்லை. மீட்டர்காரருக்குப் போட்டு அனுப்பவேண்டிய சட்டை அது. சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த ஏழு மாதத்தில் மனிதர் இளைத்துப் பாதியாகியிருந்தார், சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. இந்த வாரம் பிடித்துத் தருகிறேன், அடுத்த வாரம் பிடித்துத் தருகிறேன் என்று, ஊரார் துணியை எல்லாம் நேரத்துக்குத் தைத்துக் கொடுத்தவள் சொந்தப் புருஷன் சட்டையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்றைக்குத்தான் கை ஒழிந்தது.

நாத்தனார் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "மூணு மணிக்கு வண்டி வந்துடும்மா. ஒரு பட்டன் இல்லாட்டி என்ன, யாரு பாக்கப்போறா?"

"அவர் பாப்பாருக்கா."

நாத்தனார் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மீட்டர்காரர் என்பது வேலை கொடுத்த பெயர். முப்பத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எழுதியவர். டெய்லரம்மாவைப் பார்த்ததும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரவேண்டியவர் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வாரம் தவறாமல் வந்தார். "மீட்டர் வேகமா ஓடுதோன்னு ஒரு சந்தேகம்" என்று அவளுடைய அப்பாவிடம் சிரிக்காமல் சொன்னார். ஓடியது மீட்டர் இல்லை என்று அப்பாவுக்குப் புரிய ஆறு மாதம் பிடித்தது.

வேலையில் நடந்தது போதாதென்று ஓய்வு பெற்றதும் நெடும்பாதையைப் பிடித்துக்கொண்டார். கடற்கரையில் தொடங்கி மலைகளைத் தாண்டி அணைக்கட்டு வரை போகும் எழுநூறு கிலோமீட்டர் நடைபாதை அது. மூட்டை முடிச்சோடு நடந்தே அதை முடிக்க வேண்டும் என்று கிளம்புகிற ஆட்கள் உண்டு. ஒரே மூச்சில் முடியாதவர்களுக்காக இருபது பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் வருஷத்துக்கு இரண்டு பகுதி என்று பதினொன்றை முடித்திருந்தார்கள். போன தடவை நடையை நிறுத்திய மைல்கல்லைக் கையால் தொட்டுவிட்டுத்தான் அடுத்த பகுதியைத் தொடங்க வேண்டும் என்பது மீட்டர்காரர் போட்ட சட்டம். பன்னிரண்டாவது பகுதிக்கு முன்னால் அவருடைய முழங்கால் கையை விரித்துவிட்டது.

சைக்கிள் யோசனை டெய்லரம்மாவுடையது. பன்னிரண்டாம் பகுதி, காட்டிலிருந்து மரம் இறக்குவதற்காக அந்தக் காலத்தில் போட்ட வண்டிப் பாதை. அங்கே மட்டும் சைக்கிளுக்கு அனுமதி உண்டு என்று பலகையே வைத்திருந்தார்கள். "நடக்கிறவங்க பாதையில உருட்டிக்கிட்டுப் போனா, நாம போனதா ஆகுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் மீட்டர்காரர். "சக்கரமும் அதே மண்ணுலதான் உருளுது. ஆகும்" என்று அடித்துச் சொன்னாள். ஏழு மாதம் தெருத்தெருவாக ஓட்டிப் பழகினார்கள். போன வாரம் புறப்பட்டார்கள்.

புறப்படும்போதே அவர் இன்னொரு சட்டமும் போட்டார். மேட்டில் ஏறும்போது ஒருவருக்காக ஒருவர் நின்றால் இரண்டு பேருக்கும் மூச்சு கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். தனக்காக யாராவது காத்து நிற்பதைப் பார்த்தால் அந்த மனிதருக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது அவர் சொல்லாத காரணம். ஆகவே முன்னால் போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் மணியை இரண்டு முறை அடிக்க வேண்டும். என்ன, வர்றீங்களா என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஒரு முறை அடிக்க வேண்டும். வர்றேன், நீ போ. பதில் வந்துவிட்டால் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் இறங்கி வரலாம்.

பட்டனில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடும்போது மகன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எது முதலில் நின்றது, எதனால் நின்றது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. அப்பா செத்ததையும் அப்படித்தான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"அதையேதான கேக்கப்போற."

"ஏழாவது வளைவுல நீ ரெண்டு தடவை அடிச்ச. அப்பா கீழேயிருந்து ஒரு தடவை அடிச்சாரு. அதனால நீ மேல போயிட்ட."

"ஆமா."

"நேத்து அந்த இடத்துக்குப் போய்ப் பாத்தேம்மா. அப்பா சாஞ்சு உக்காந்திருந்த கல்லு பாதைக்கு இந்தப் பக்கம். சைக்கிள் அந்தப் பக்கம், பாறை மேல சாத்தியிருந்துச்சு. எட்டு வச்சுப் பாத்தேன், பத்து எட்டு. நெஞ்சு வலின்னு உக்காந்த மனுஷன் எந்திரிச்சுப் போய் பெல் அடிச்சுட்டு, திரும்ப வந்து உக்காந்தாரா?"

"அது எனக்குத் தெரியாது. மணி கேட்டுச்சு."

"ஏதாவது பறவை சத்தமா இருந்திருக்கலாம்மா. காட்டுல அப்படித்தான்..."

"கேட்டுச்சுடா."

"சரி" என்றான். லிஃப்ட் தானாகத்தான் நின்றது, நான் எதையும் தொடவில்லை என்று சொல்கிற வாட்ச்மேனிடம் சொல்லும் சரி அது. சட்டைக்காகக் காத்திராமல் வெளியே போய்விட்டான்.

அவனிடம் அப்படி அடித்துச் சொன்னாளே தவிர, டெய்லரம்மாவுக்கே இரண்டு நாளாக உள்ளுக்குள் ஆட்டம் கண்டிருந்தது. நிஜமாகவே கேட்டதா? கேட்கவேண்டும் என்று காது தயாராக இருந்ததால் கேட்டதா? அன்றைக்கு அவளுக்குக் கால் அபாரமாக ஓடியது. பதினொரு பகுதியிலும் பின்னால் நடந்தவள், முதல் தடவையாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அது அவளுக்குச் சுகமாக இருந்தது, அதுதான் இப்போது குத்தியது. உச்சிக்குப் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு பேருக்கும் பங்கு வைத்தாள். மூச்சு வாங்க வரட்டும், இன்றைக்கு நாலு வார்த்தை கிண்டல் செய்யவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். நாற்பது நிமிஷம் கழித்து இறங்கி வந்தபோது, அவர் கல்லில் சாய்ந்து, மேட்டைப் பார்த்தபடி இருந்தார். கூப்பிட்டாள். திரும்பவில்லை.

நாத்தனார் மறுபடி வந்தாள். "யாரோ ஒரு பொண்ணு வந்திருக்கு. நம்ம ஆளுக யாருக்கும் தெரியல. உன்னத்தான் பாக்கணுமாம்."

வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். ஷூவை அறை வாசலிலேயே கழற்றி வைத்தாள். அதன் அடியில் அப்பியிருந்த செம்மண்ணை டெய்லரம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. அவளுடைய செருப்பிலும் சைக்கிள் சக்கரத்திலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதே மண்.

"நான் பேக்கரியில வேலை பாக்குறேன்மா. லீவு கெடைச்சா அந்தப் பாதையில நடப்பேன். அன்னைக்கு மேலேயிருந்து இறங்கி வந்தேன். நீங்க சைக்கிள்ல எதிர்ல வந்தீங்க, எனக்கு வழி விட்டீங்க."

டெய்லரம்மாவுக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. ஸ்டூலைக் காட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் உட்காரவில்லை.

"கீழ் வளைவுல சார் கல்லு மேல சாஞ்சு உக்காந்திருந்தாரு. வேர்த்துக் கொட்டுச்சு. என்ன சார் முடியலையான்னு கேட்டேன். மேடு ஏறினது, வேற ஒண்ணுமில்லன்னாரு. தண்ணி குடுத்தேன். அப்ப மேல ரெண்டு தடவை மணிச் சத்தம் கேட்டுச்சு. எந்திரிக்கப் பாத்தாரு, முடியல. அப்புறம் என்கிட்ட..."

"சொல்லும்மா."

"அந்த சைக்கிள் பெல்ல ஒரே ஒரு தடவை அடிச்சுடும்மா, இல்லன்னா அவ இறங்கி வந்துடுவா, பாவம், இன்னைக்குத்தான் நல்லா ஏறிட்டு இருக்கான்னு சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான்மா சொன்னாரு. ஏதோ உங்களுக்குள்ள விளையாட்டுன்னு நெனச்சு அடிச்சுட்டேன். அடிச்சுட்டு நான் பாட்டுக்கு இறங்கிப் போயிட்டேன். அடிவாரத்துல தங்குற எடத்துலதான் மறுநாள் விஷயம் சொன்னாங்க. அவங்ககிட்டதான் வீட்டு விலாசம் வாங்கினேன். நான் அடிக்காம இருந்திருந்தா நீங்க வந்திருப்பீங்கல்ல?"

கேட்டது. நிஜமாகவே கேட்டது. பறவை இல்லை, காற்று இல்லை, சுகமாக ஏறிய திமிரில் காது சொன்ன பொய் இல்லை. டெய்லரம்மாவுக்கு இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் சட்டென்று நகர்ந்தது. மகனைக் கூப்பிட வேண்டும். இப்போதே, இந்த அறைக்குள், இந்தப் பெண் வாயாலேயே அவன் கேட்கவேண்டும். கட்டிலிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள். வலது கைக் கட்டைவிரலை இடது கையால் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமாகத் தேய்த்தாளோ, தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. மகன் இவளைக் கேட்கத் தொடங்கினால் விடமாட்டான். வேர்த்துச்சுன்னா அப்பவே யாரையும் ஏன் கூப்பிடல, ஒருத்தர் முடியாம உக்காந்திருந்தா விட்டுட்டுப் போயிடுவியா, எத்தனை மணிக்குப் பாத்த, எத்தனை மணிக்குக் கீழ போய்ச் சேந்த என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பான்.

டெய்லரம்மா மறுபடி உட்கார்ந்தாள். கோபம் வந்தது. இந்தப் பெண் மேல் இல்லை, கூடத்தில் படுத்திருந்த மனிதர் மேல். நாற்பது வருஷம் கூட இருந்தவளை ஐந்து நிமிஷம் நிறுத்தி வைக்க மனசு வராமல், வழியில் போன யாரோ ஒருத்தியின் கையைக் கடன் வாங்கி ஏமாற்றியிருக்கிறார். இறங்கி வந்தால்தான் என்னவாம்? குடியா முழுகியிருக்கும்?

"அந்த எடம் நிழலா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நல்ல நிழல்மா."

"தண்ணி குடிச்சாரா?"

"பாதி பாட்டில் குடிச்சாரு. முகத்துலயும் தெளிச்சுக்கிட்டாரு."

"அதான், எங்க ரெண்டு பேருக்கும் உண்டான தண்ணி பாட்டில் என் சைக்கிள்லதான் இருந்துச்சு." டெய்லரம்மா எழுந்து போய் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா. வாசல்ல நிக்கிறாரே, உங்க பையனா? அவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான்..."

"வேண்டாம். நீ தண்ணி குடுத்த. அத மட்டும் ஞாபகம் வச்சுக்க. ஏதாவது சாப்பிட்டியா?"

அந்தக் கேள்விக்குத்தான் அந்தப் பெண் உடைந்து அழுதாள். டெய்லரம்மா அழவில்லை. பிடித்த கையை விடாமல் நின்றாள்.

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு போனதும் மகன் வந்தான். "யாரும்மா அது? இப்படி அழுதுட்டுப் போறாங்க?"

"வழியில பாத்தவங்க. அப்பாவுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாங்களாம். அப்ப நல்லாத்தான் பேசினாராம்."

"பெல் அடிச்சதப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

டெய்லரம்மா சட்டையை உதறி, மடியில் போட்டு, காலரிலிருந்து மடிக்கத் தொடங்கினாள். "இல்ல. நீ சொன்ன மாதிரி பறவை சத்தமாக்கூட இருந்திருக்கலாம்டா. நான்தான் சரியா கேக்கல."

இரண்டு நாளாக இதைச் சொல்லவைக்கத்தான் அவன் சுற்றிச் சுற்றி வந்தான். சொன்ன பிறகு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வந்து நின்றான். அவள் தலையை லேசாகத் தொட்டான், உடனே கையை எடுத்துக்கொண்டான். "குடும்மா" என்று சட்டையை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சட்டை அளவாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். பெட்டியை மூடினார்கள். டெய்லரம்மா அறைக்கும் கூடத்துக்கும் நடுவே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ முன்னாடி போய் வண்டியில உக்காரும்மா" என்றாள் நாத்தனார். "அவரைப் பின்னாடி தூக்கிட்டு வர்றாங்க."

முன்னாடி என்ற சொல்லைக் கேட்டதும் டெய்லரம்மாவின் கால் நின்றுவிட்டது. நாத்தனார் தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். "இல்லக்கா, அவர் போகட்டும். நான் பின்னாடி வர்றேன்" என்றாள். "அதெப்படி, எடம் பத்தாதும்மா, நீ நகந்தாத்தான் பெட்டியைத் திருப்ப முடியும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவளால் நகர முடியவில்லை.

வாசல் வழியை அடைத்துக்கொண்டு இரண்டு சைக்கிளும் நின்றன. பெட்டி போகவேண்டுமே என்று மகன் அவளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரம் நிறுத்தினான். திரும்பி வந்து அப்பாவின் சைக்கிளைத் தூக்கினான். படியில் இறக்கும்போது எங்கேயோ இடித்து மணி அடித்தது. ஒரே ஒரு முறை.

டெய்லரம்மா நிலையிலிருந்து கையை எடுத்தாள். மண் ஒட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வாசலை நோக்கி நடந்தாள்.