ஐம்பத்து நாலாவது கேள்வி

தாமரைச்செல்விக்குத் தன் வேலையில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நிபுணர். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமங்களில் குழந்தைகள் ஏன் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்று ஆயிரத்து இருநூறு தாய்மார்களைக் கேட்டு எடுத்த பதில்கள் அவள் லேப்டாப்பில் இருந்தன. கழிப்பறை உண்டா, குடிநீர் எங்கிருந்து, பிள்ளைக்கு எத்தனை முறை வயிற்றுப்போக்கு என்று தொண்ணூறு கேள்விகள். ஐம்பத்து நாலாவது கேள்வியில்தான் அவளுக்கு இடித்தது. கர்ப்பமாக இருந்தபோது வேண்டுமென்றே குறைவாகச் சாப்பிட்டீர்களா? எண்ணூறு பேர் ஆம் என்றிருந்தார்கள்.

வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு எவளாவது வாயைக் கட்டுவாளா? கேட்டவர்களுக்கோ சொன்னவர்களுக்கோ ஏதோ குழப்பம் என்று முடிவு கட்டி, அந்தக் கேள்வியையே கணக்கிலிருந்து தூக்கினாள். யாரையும் கேட்கவில்லை. பிறந்த பிறகு குழந்தைக்குச் சத்துமாவு கொடுத்தால் போதும் என்று அறிக்கை தயாரானது. அது வெள்ளிக்கிழமை நிதி கொடுப்பவர்களுக்குப் போய்விட்டால் உதவி முழுவதும் மாவுப் பொட்டலத்துக்கு. கர்ப்பிணிகளுக்கு ஒன்றும் கிடையாது.

வியாழக்கிழமை வீடியோ காலில், அறிக்கையில் அந்தக் கேள்வி இல்லாததைச் சிசோமோ கண்டுபிடித்துவிட்டாள். மலாவியில் வீடு வீடாகப் போய்க் கேட்டவள் அவள்தான்.

"குழப்பம் எதுவும் இல்லை. பிள்ளை பெருத்தால் பிரசவம் சிக்கலாகும், ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். அதனால் குறைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்" என்றாள் ஆங்கிலத்தில்.

பார்க்கிறேன் என்று சொன்ன தாமரைச்செல்வி பார்க்கவில்லை. எண்ணூறு பேருமா என்று சிரிப்புத்தான் வந்தது.

மறுநாள் காலை ஃப்ரீவேயில் போகும்போது வழக்கம்போல் கோபியிலிருக்கும் அம்மா வசந்தாமணியைக் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னாள்.

"மாசமா இருக்கறப்ப வேணும்னே கம்மியா சாப்ட்டாங்களாம்மா. யாராச்சும் அப்படிப் பண்ணுவாங்களா?"

"ஏன் பண்ண மாட்டாங்க? உன்னைய வயித்துல வெச்சிருந்தப்ப எங்க மாமியா எனக்கு அரை வயித்துக்குத்தான் சோறு போட்டாங்க. புள்ள பெருத்துட்டா ஆப்பரேசன்னு சொல்லிப்போடுவாங்கன்னு பயம்."

"பசிக்கலையா?"

"பசிக்காம இருக்குமா கண்ணு? தண்ணியக் குடிச்சுப்போட்டுப் படுத்துக்குவேன். ஆனா பாரு, ரெண்டு கிலோதான் இருந்த. சுளுவா வந்துட்ட. எனக்கு ஒரு கஷ்டமும் குடுக்காத புள்ள நீ."

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். தாமரைச்செல்வி தன் நாலடி ஒன்பது அங்குல உயரத்தை இத்தனை வருஷமும் குடும்ப வாகு என்றே சொல்லி வந்திருக்கிறாள். இறங்க வேண்டிய எக்ஸிட்டும் தாண்டிப் போயிற்று.

சுற்றி வந்து ஆபீஸ் பார்க்கிங்கில் காரை நிறுத்தி, உட்கார்ந்த இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் கேள்வியைத் திரும்பக் கணக்கில் சேர்த்துப் பார்த்தாள். குறைத்துச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள், கழிப்பறை இருந்த வீட்டிலும் இல்லாத வீட்டிலும், மற்றவர்களைவிடக் குட்டையாகவே இருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அறிக்கையின் முதல் பரிந்துரையை அழித்துவிட்டு, கர்ப்பிணிகளுக்கு உணவு, பக்கத்திலேயே பிரசவ வசதி என்று எழுதினாள்.

பிறகு சிசோமோவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "தப்பு என்னுடையது. அவர்கள் சொன்னது உண்மை. நானும் அப்படிப் பிறந்தவள்தான்."