கொடுத்து வைத்தவர்

நெய்வேலியில் என் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த சின்னதுரைக்கு பர்மனென்ட் வேலை, நோய் நொடி இல்லாத உடம்பு, யார் கேட்டாலும் ஷிப்ட் மாற்றிக்கொடுக்கும் மனசு. "கொடுத்து வச்சவருங்க நீங்க" என்று யாராவது சொன்னால் உடனே கையமர்த்துவார். நான் கம்பெனி பஸ்ஸில் சொன்ன கதைதான் காரணம். உலகத்திலேயே பாக்கியசாலி யார் என்று கேட்ட ராஜாவிடம், சாகிறவரை யாரையும் அப்படிச் சொல்லக்கூடாது என்றாராம் ஒரு கிரேக்க ஞானி.

"சாவுற வரைக்கும் சொல்லாதீங்க" என்று சின்னதுரையும் சிரிப்பார்.

ரிட்டயர் ஆக ஒரு வாரம் இருந்தபோது, மைன்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பணி நிறைவு விருந்துக்குச் சொல்லிவைத்திருந்த ஆள்தான் சாவுக்கும் வந்து பந்தல் போட்டார்.

தலைமாட்டில் மகன் குமரவேல் நின்றான். அவனுக்கு இன்னமும் காண்ட்ராக்ட் வேலைதான். மாலையோடு வந்த ஒருவர் அவன் தோளைத் தட்டினார்.

"சர்வீஸ்ல இருக்கசொல்லவே போயிட்டாரு. அடுத்த வாரம் போயிருந்தா உனக்கு ஏதுப்பா வாரிசு வேலை? இனிமே நீ பர்மனென்ட்டு. கொடுத்து வச்ச மனுஷன் உங்கப்பா!"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது எனக்கு. குமரவேல் கண்ணைத் துடைத்தான்.

"நிச்சயமா கெடைக்குங்களா?"

உடம்பருகே உட்கார்ந்திருந்த அவர் மனைவி அமிர்தம் மகனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கதைப்படி இப்ப சொல்லலாமில்ல?"