பதினொரு படங்களும் ஒரு ஜோடி கையுறையும்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மேல் பாய வேண்டாம்.

ஒரு விபத்து விசாரணையின் முதல்கட்ட அறிக்கை. நான்காம் பக்கத்தில் மலையாளத்தில் ஒரு வரி. தமிழில் இப்படி வரும்: ‘ரப்பர் கையுறை வழங்கப்பட்டிருந்தும் அணியாமல் லைனைத் தொட்ட தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று தெரியவருகிறது. ஆதாரம்: இணைப்பு 7, படம் 10.’

படித்ததும் எனக்குக் கதை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் கதை எழுதுகிறார்கள். நானும் உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: ‘வித்துரா போகும் சாலையில் மழை விட்டிருந்தது. ரப்பர் இலைகளிலிருந்து நீர்த்துளிகள் ஒவ்வொன்றாக—’

வேண்டாம். ஒரு மனிதனின் கை கருகப்போகிறது, எனக்கு நீர்த்துளி கேட்கிறது.

இரண்டாவது தொடக்கம்: ‘ஆன்சன் இறந்த அன்று காலையில் அவருடைய மனைவி சிஜி—’

இப்படி இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். எழுத எழுதச் சுகமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சாவு கதைக்கு வசதியானது. எல்லாரும் அழுவார்கள், ஆசிரியருக்கு நல்ல பெயர் கிடைக்கும். அந்தப் பக்கங்களை பாறசாலையில் சிஜியின் வீட்டு அடுக்களையிலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். சிஜி மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறினாள்.

“ஆளைக் கொன்னுட்டீங்களா டீச்சரே? ஆளு அங்க உயிரோட இருக்கு. இடது கையால சோறு திங்கப் படிக்குது. சட்டைப் பட்டன் போடத் தெரியாம என்னை விளிக்குது. அதை எழுதுங்க. செத்துப்போன ஆளுக்கு எல்லாரும் பாவம்னு பறஞ்சிட்டுப் போயிருவாங்க.”

இரண்டு பக்கத்தையும் அங்கேயே கிழித்தேன். ஆன்சன் உயிரோடு இருக்கிறார். வலது கைதான் இல்லை, முழங்கைக்குக் கீழே.

3.

நடந்தது இதுதான். இந்தப் பகுதியில் நான் எதையும் சேர்க்கவில்லை.

போன ஜூலையில் காற்றில் ஒரு ரப்பர் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. ஒப்பந்தக் கம்பெனி நான்கு பேரை ஜீப்பில் அனுப்பியது. (கம்பெனியின் பெயர் இந்த அடைப்புக்குறிக்குள் இருந்தது. அடித்துவிட்டேன். பயம்தான், வேறென்ன.) அவர்கள் டிரான்ஸ்ஃபார்மரில் சப்ளையை நிறுத்தினார்கள். அறுந்த கம்பியைச் சேர்க்கும்போது இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். ஜீப்பில் இருந்தது ஒரே ஒரு ராடு. அதை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மாட்டினார்கள். மறுபக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு கல்யாண மண்டபம். கரண்ட் போனதும் அங்கே ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது வெளிலைனைத் துண்டிக்கிற சுவிட்சை யாரோ துண்டிக்க முடியாதபடி வயர் வைத்து நிரந்தரமாக ஒட்டவைத்திருந்தார்கள்.* பந்திக்கு நேரமாகிவிட்டதாம். கரண்ட் பின்வழியாக லைனுக்கு வந்தது. அந்த முனையை ஆன்சன் வெறும் கையால் பிடித்திருந்தார்.

* உங்கள் வீட்டு ஜெனரேட்டரில் அந்த சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறதா? கதையை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல் இறுதி அறிக்கையிலும் நின்றுவிட்டால் ஆன்சனுக்குத் தருவதாகச் சொன்ன ஸ்டோர் வேலை கிடையாது. அந்தச் சொல்லை எடுக்க வேண்டும். சிஜி என்னிடம் கேட்டது அதை மட்டும்தான்.

4.

இனி ஜெயன். கம்பெனியின் சூப்பர்வைசர். எனக்குக் கதையில் ஒரு கெட்டவன் தேவைப்பட்டது, ஜெயன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். முதலில் அவருக்குத் தங்க மோதிரம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டேன். பிறகு கழற்றினேன். உண்மையான ஜெயனின் கழுத்தில் ஒரு பழைய தீக்காயம் இருக்கிறது. பதினாறு வருஷம் கம்பம் ஏறியவர். வெறும் கையோடு ஏறுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை, கெட்டவனாகவும் எழுத வரவில்லை.

விபத்துக்கு முன் நடந்த பாதுகாப்புப் பயிற்சியை இப்படி எழுதியிருந்தேன்:

‘பாலராமபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை ஹாலில் பயிற்சி நடந்தது. தாளில் இரண்டு நாள். நிஜத்தில் இரண்டரை மணி நேரம், சாயா உட்பட. பதினொரு தொழிலாளர்கள். ஒவ்வொருவர் ஃபைலிலும் கையுறை போட்ட படம் ஒன்று இருக்க வேண்டும். வந்திருந்தது ஒரே ஒரு ஜோடி. “பாக்கி அடுத்த ஆழ்ச்ச வரும். இப்ப இதை வச்சு வேகம் எடுத்து விடுங்க, ஃபைல் போகணும்” என்றார் ஜெயன். ஆழ்ச்ச என்றால் வாரம். ஒருவர் போட்டு, படம் எடுத்து, கழற்றி, அடுத்தவரிடம் கொடுத்தார். படம் எடுத்தவர் குற்றாலலிங்கம் என்கிற ஸ்டூடியோக்காரர். அவருக்கு இதெல்லாம்—’

5.

குற்றாலலிங்கம் என்று யாரும் இல்லை.

படம் எடுத்தவள் நான்.

மூன்று வரைவுகளில் அந்த மனிதரை வைத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவருக்கு ஒரு மீசைகூட வைத்தேன். உங்களிடம் பொய் சொன்னதற்கு வருத்தமில்லை, நீங்கள் கதை கேட்க வந்தவர்கள். ஆனால் அதே பொய்யைச் சிஜியின் அடுக்களையில் வாசித்தபோது, “அந்த ஸ்டூடியோக்காரன் விலாசம் தருவீங்களா டீச்சரே, நான் போய்க் கேக்குதேன்” என்று அவள் பேனாவை எடுத்தாள்.

நான் நாகலக்ஷ்மி. வலியசாலை அக்ரஹாரத்தில் வீடு. கதை எழுதுகிறேன், மொழிபெயர்ப்பில் பிழைக்கிறேன். தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் கைப்புத்தகம் எழுதவும், பயிற்சியன்று அதைத் தமிழில் விளக்கவும் கம்பெனி என்னை அழைத்தது. அன்றிலிருந்து நான் அவர்களுக்கு டீச்சர். போன் நன்றாகப் படம் எடுக்கும் என்பதால் அந்த வேலையும் என்னிடம் வந்தது. கடைசியில் ‘என் முன்னிலையில் பதினொரு பேருக்கும் கையுறை வழங்கப்பட்டது’ என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன்.

பத்தாவதாக வந்தவர் ஆன்சன். கையை உள்ளே விட்டதும் முகத்தைச் சுளித்தார்.

“டீச்சரே, இதுக்குள்ள ஒன்பது பேரோட வேர்ப்பு இருக்கு கேட்டியளா. கை வழுக்குது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “கொஞ்சம் இப்படிப் பார்த்துச் சிரிங்கோ” என்றும் சொன்னேன். படம் 10-ல் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். என் போனில் நேரம் இருக்கிறது: முதல் படம் 10:42, கடைசிப் படம் 11:19. இடது கட்டைவிரலில் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டிய ஒரு ஒட்டு, பதினொரு படத்திலும் அதே ஒட்டு. ஃபைலுக்குப் போன பிரதிகளில் ஓரங்களை வெட்டியிருக்கிறார்கள். ஒட்டும் தெரியாது, நேரமும் தெரியாது. சாயங்காலமே ஜெயன் அந்த ஜோடியைக் கவரில் போட்டு அடுத்த ஊர்ப் பயிற்சிக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆழ்ச்ச வரவேயில்லை.

அறிக்கையைப் படித்த பிறகு வீட்டில் என் கணவர் ஸ்ரீனிவாசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் ஃபைல்களோடு வாழ்ந்த மனுஷர். “உனக்கெதுக்குடி இந்த வம்பு? எடுக்கச் சொன்னா, எடுத்தே. கையெழுத்துப் போட்டது வெளியிலே வந்தா உன்னைத்தான் முதல்லே பிடிச்சு இழுப்பா.”

அவர் சொன்னது சரிதான். சரியான பேச்சைக் கேட்டு இவ்வளவு ஆத்திரம் எனக்கு வந்ததே இல்லை.

6.

(கட்டுரை மாதிரி ஒரு இடைச்செருகல். பிடிக்காதவர்கள் தாண்டலாம். ஆனால் தாண்டுகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.)

கைப்புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் நான் எழுதியது: ‘தோழரே, கையுறை அணியாமல் கம்பியைத் தொடாதீர், உமது கரம் உமது குடும்பத்தின் அரண்.’ இந்த வாக்கியத்துக்கு ஒரு முழு முற்பகல் செலவழித்தேன். பெருமையாக இருந்தது.

சிஜியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“இதெங்களுக்கு வாசிக்கத் தெரியாது டீச்சரே. தமிழ் பேசுவோம், அம்மா அப்பன் பேசினது. பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளமாக்கும். அங்க வந்த பதினொரு ஆளுக்கும் அதுதான்.”

‘தமிழ்த் தொழிலாளர்கள்’ என்று பட்டியலில் இருந்தது, தமிழில் புத்தகம் அடித்தார்கள். எந்த எழுத்தை வாசிப்பீர்கள் என்று கம்பெனி கேட்கவில்லை, ஜெயன் கேட்கவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், என் அண்ணன் பேத்தி மாளவிகாவே தமிழ் எழுத்தைக் கண்டால் முழிக்கிறாள் என்று தெரிந்த நான், கேட்கவில்லை. இல்லாத கையுறையைப் போடச் சொல்லி, வாசிக்கத் தெரியாத எழுத்தில், அழகான வாக்கியம். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கதையும் தமிழில்தான் இருக்கிறது. ஆன்சனால் இதையும் வாசிக்க முடியாது. கவனித்தீர்களா?

7.

முடிவுகள்.

அ) விசாரணையில் ஜெயன் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிக் கதறுகிறார். (மாட்டார். அவருக்கு இரண்டு பெண்கள், அடுத்த மாதம் அடுத்த பயிற்சி.)

ஆ) மண்டபத்தின் சொந்தக்காரர் கைதாகிறார், கம்பெனியின் உரிமம் ரத்தாகிறது, எர்த் ராடுகள் வண்டி வண்டியாக— (இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.)

இ) முடிவை வாசகரிடம் ஒப்படைத்துவிடுவது. இப்படிப்பட்ட கதைகளை அப்படித்தான் முடிப்பார்கள். நானும் எழுதிப் பார்த்தேன்: ‘அன்புள்ள வாசகரே, இனி இந்தப் படங்கள் உங்கள்—’

அங்கேயே நிறுத்தினேன். கம்பெனி கையுறையை ஜெயனிடம் கொடுத்தது. ஜெயன் என்னிடம் கொடுத்தார். நான் முதல் ஆளிடம் கொடுத்தேன், அவர் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். ஒவ்வொருவரும் படத்துக்குச் சிரித்துவிட்டுக் கைமாற்றினோம். இப்போது நானும் கழற்றி உங்களிடம் நீட்டினால் அது பன்னிரண்டாவது படம். நீட்டமாட்டேன்.

8.

திங்கட்கிழமை. விசாரணை அலுவலக வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதினொன்றாகப் பத்து நிமிஷம். என் பக்கத்தில் ஆன்சன், வலது சட்டைக்கையை மடித்து ஊக்கு குத்தியிருக்கிறது. அவருக்கு அந்தப் பக்கம் சிஜி. வராந்தாவின் மறுகோடியில் ஜெயன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் வந்ததிலிருந்து நிமிரவேயில்லை.

படம் எடுத்தது யார் என்று ஆன்சன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நேற்று நானே சிஜியிடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. “நாளைக்கு அங்க வந்து வாயால சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான்.

“டீச்சரே, எழுதுதீங்களா?” என்று இப்போது ஆன்சன் கேட்கிறார். “நான் அதுல உண்டா?”

“உண்டு.”

“சிரிச்சிட்டா இருக்கேன்?”

தலையாட்டினேன். அவர் சொன்னார்: “பின்ன எனக்கு வாசிச்சுத் தாங்க. முதல்ல உள்ள போய்ப் பறயுங்க.”

உள்ளே சொல்லப்போவதை மலையாளத்தில் மூன்று வாக்கியமாகப் பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். பதினொரு படத்திலும் ஒரே ஜோடி கையுறை. எடுத்தவள் நான். தெரிந்தேதான் எடுத்தேன், தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அழகாக இல்லை. அழகாக்க முற்படவும் இல்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று நான்கு முறை பார்த்துவிட்டேன்.

“டீச்சரே, விளிக்குதாங்க” என்கிறாள் சிஜி.

இந்தத் தாள்களை மடித்து ஆன்சனின் இடது கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவரால் வாசிக்க முடியாது. வெளியே வந்ததும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அந்த மூன்று வாக்கியம் உட்பட, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. உள்ளே அதைச் சொல்லாமல் வந்தால் அது என்னால் ஆகாது. அவர் காதால் கேட்காமல் இது அச்சுக்குப் போகவும் போகாது.

நீங்கள் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.