ஈரச் சாக்கும் டிவிடி டிரைவும்

மோகனூர்ப் பக்கம் மயிலம்மாளுக்குக் கோழிப்பண்ணை. எந்தக் கொட்டகைக்கு எப்போது குஞ்சு வந்தது, எப்போது ஊசி போட்டது, எத்தனை முட்டை விழுந்தது என்று பன்னிரண்டு வருட விவரமும் பண்ணை அறையிலிருக்கும் பழைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எல்லாம் அவளே தட்டித் தட்டிச் சேர்த்தது. அந்தப் புரோகிராம் அடுத்த மாதத்திலிருந்து பழைய விண்டோஸில் திறக்காது என்று சொல்லிவிட்டார்கள். புது விண்டோஸ் டிவிடி வாங்கியாயிற்று. ஆனால் டிரைவுக்கு வயதாகிவிட்டது. பாதியில் கடகடவென்று அரைத்துவிட்டு நின்றுவிடும். பென்டிரைவ் செருகும் துளைகளையோ தீவனத் தூசி எப்போதோ சாகடித்துவிட்டது.

"பேசாம பழைய இரும்புக்குப் போட்டுரலாம் புள்ள. ஞாயித்துக்கெழமை வண்டிக்காரன் வாரான்," என்றார் அவள் கணவர் மணியன். "நோட்டுல எழுதிக்கலாம்."

"பன்னெண்டு வருசத்தை எந்த நோட்டுலீங்க எழுதறது?"

மணியனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆகாது. அது வந்ததிலிருந்து மனைவி தன்னை எதுவும் கேட்பதில்லை என்பது அவர் மனக்குறை.

மயிலம்மாள் மூன்று நாள் விடாமல் டிவிடியைப் போட்டுப் பார்த்தாள். காலையில் அறுபது சதவீதம் வரை போகிறது, மத்தியானம் இருபதிலேயே படுத்துவிடுகிறது. சித்திரை வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற கோழிகளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்த டிரைவுக்கும் சூடு ஒத்துக்கறதில்லீங்க."

"அதென்ன கோழியா?" என்று சிரித்தார் மணியன்.

அவள் டிவிடியிலிருந்து நேராக ஏற்றுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஃபைலாகக் கம்ப்யூட்டருக்குள் நகலெடுத்தாள். நடுநடுவே டிரைவை ஆறவிட்டாள். சின்ன ஃபைல்கள் சிணுங்காமல் வந்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. டிவிடியில் முக்கால்வாசி அதுதான், அதை ஒரே மூச்சில் எடுத்தாக வேண்டும்.

சனிக்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்தாள். கொட்டகையில் செய்வதுபோலவே ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஃபேனைப் போட்டாள். மணியன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து. டிரைவ் அரைக்க ஆரம்பித்தது. சாக்கு காய்ந்துபோயிருந்தது. எழுந்து போகவும் பயம், உட்காரவும் பயம் மயிலம்மாளுக்கு.

ஜன்னலுக்கு வெளியே சளசளவென்று தண்ணீர் சத்தம் கேட்டது. மணியன் வாளியோடு நின்று சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார்.

"நீ எந்திரிக்காத. எத்தனையாச்சு?" என்றார்.

"எண்பதுங்க."

இன்னும் மூன்று வாளி ஊற்றினார். நூறு ஆனதும் டிரைவ் ஒருமுறை விக்கி அடங்கியது. அப்புறம் எந்தப் பொத்தானை அமுக்கியும் அது வாயைத் திறக்கவில்லை. டிவிடி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதனால் என்ன, எல்லாம் வந்துவிட்டதே. மத்தியானத்துக்குள் புது விண்டோஸ் ஏறியது. பன்னிரண்டு வருடமும் வைத்த இடத்தில் இருப்பதைப் பார்த்ததும் மயிலம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் இரும்பு வண்டிக்காரன் வந்து நின்றபோது, மணியன் ஸ்குரூ டிரைவரோடு பண்ணை அறைக்கு வந்தார்.

"செத்துப்போன அந்த டிரைவையாவது கழட்டிக் குடுத்தரலாமா?"

முட்டையிடுவது நின்ற கோழியை மறுநாளே கறிக்கு லாரியில் ஏற்றிவிடுகிறவள் மயிலம்மாள்.

"அது அங்கயே இருந்துட்டுப் போகுது, உடுங்க," என்றாள்.